மகள் கால்பந்து ஆடுகிறாள், பத்தாவதோடு நிறுத்தச் சொல்கிறார்கள்: கடலூர் அப்பா ஒருவருக்குப் பதில்

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் மிட்ஃபீல்டர், குறுவட்டம் தாண்டி மாவட்டம் வரைக்கும் ஆடிவிட்டாள். அடுத்த வருஷம் பத்தாவது என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிறுத்து நிறுத்து என்கிறார்கள். இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய இந்துமதி கதிரேசன் நம்ம ஊர்ப் பெண்தானே, அவர் எப்படி அந்த இடத்துக்குப் போனார், அதே மாதிரி என் பொண்ணுக்கும் அமையுமா, இந்த விளையாட்டில் சோறு கிடைக்குமா, புதுச்சேரிக்கு மாறினால் மாநில அணியில் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்று மைத்துனர் சொல்கிறாரே அது சரியா? இவ்வளவும் அவர் கேள்வி.

சார், நானும் கடலூரில் ஆடி வளர்ந்தவள்தான், இப்போது பள்ளியில் பி.இ.டி. டீச்சர். மாலை நேரத்தில் பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை வேறு வேறு அப்பா அம்மா வாயிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். நிறுத்தாதீர்கள். படிப்பையும் விடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு பெண்ணின் கால்பந்து வாழ்க்கை முப்பது வயது வரை ஓட வேண்டுமென்றால் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் அவள் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலைக்கு ஒரு டிகிரி வேண்டும், அந்த டிகிரியை விளையாட்டே வாங்கிக் கொடுக்க முடியும். இந்துமதியின் கதையை நான் அப்படித்தான் படிக்கிறேன். பேப்பரில் அவர் அடித்த கோலைப் போடுவார்கள், ஆனால் ஒரு அப்பாவாக நீங்கள் பார்க்க வேண்டியது அந்த கோல்களுக்கு நடுவில் அவர் எப்படி விளையாட்டை விடாமல் இருந்தார் என்பதை.

இந்துமதி 1994-ல் பிறந்தவர், கடலூர்க்காரர். நடுக்களத்தில் ஆடுபவர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசிய சாம்பியன்ஷிப் ஃபைனலில் பங்களாதேஷை இந்தியா 3-1 என்று ஜெயித்ததே, அதில் மூன்றாவது கோல் இவருடையது. இடைவேளைக்கு முன்னாடி பங்களாதேஷ் 1-1 என்று சமன் செய்துவிட்டது, அப்புறம் சஸ்மிதா மாலிக் பெனால்டியில் ஒன்று போட்டு முன்னிலை வாங்கினார், இந்துமதியின் கோலுக்குப் பிறகுதான் நம் அணி மூச்சு விட்டது. இரண்டு வருஷம் கழித்து நேபாளத்தில் பிராட்நகரில் அதே போட்டி, அரையிறுதியில் மறுபடி பங்களாதேஷ், 4-0, அதில் இரண்டு கோல் இந்துமதி. ஃபைனலில் நேபாளத்தை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று ஜெயித்தார்கள். 2021 நவம்பரில் பிரேசிலுக்குப் போய் மனாஸ் நகரத்தில் பிரேசிலை எதிர்த்து ஆடிய அணியிலும் இருந்தார். 6-1 தோல்விதான். இருந்தாலும் கெடிலம் ஆற்றங்கரை ஊரிலிருந்து கிளம்பிய ஒரு பெண் அமேசான் கரையில் பிரேசிலின் மூத்த வீராங்கனை ஃபோர்மிகாவின் கடைசி சர்வதேச ஆட்டத்தில் எதிரணியில் நின்றார் என்பதை நான் என் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதோடு தமிழ்நாட்டு அணி. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்று இருந்த காலத்தில், 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையே ஃபைனலில் 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு முதல் தடவை சீனியர் தேசியப் பட்டம் வாங்கியது. 2023-ல் அமிர்தசரசில் ஹரியானாவை ஜெயித்து இரண்டாவது பட்டம். கிளப் கால்பந்து என்று பார்த்தால் இந்துமதி மதுரையின் சேது எஃப்.சி.க்கு ஆடியிருக்கிறார், கோகுலம் கேரளாவுக்கும் ஆடியிருக்கிறார். 2023-ல் அகமதாபாத்தில் கோகுலம் 5-0 என்று ஃபைனல் ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கியபோது அந்த அணியில் இந்துமதியோடு சந்தியா ரங்கநாதனும் இருந்தார். சந்தியாவும் நம் கடலூர் மாவட்டம்தான். ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் இந்தியாவின் சாம்பியன் அணியில்.

இது தானாக நடந்ததில்லை. மஞ்சக்குப்பம் பக்கம் அண்ணா விளையாட்டரங்கில் காலையிலும் மாலையிலும் பெண் பிள்ளைகளை வைத்து வருஷக்கணக்கில் வேலை செய்த மனிதர்கள் இருக்கிறார்கள், அதில் பயிற்சியாளர் மாரியப்பன் பெயரைச் சொல்லாமல் கடலூர் பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசவே முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு அரசு காப்பகத்தில் தங்கிப் படித்த பிள்ளைகளைக் கூட்டி வந்து பந்தைக் கொடுத்தவர். இந்திரா காந்தி அகாடமி என்ற கடலூர் அணி 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது, மொத்தமே ஏழு அணிகள், அதில் ஒன்று நம் ஊர். சென்னையிலிருந்து அந்தச் சுற்றில் ஒரு அணியும் கிடையாது. பெரிய கம்பெனியோ பெரிய கிளப்போ பின்னால் இல்லாத ஒரு கடற்கரை ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

சரி, இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையில் மாஸ்க் போட்டுக்கொண்டு சாலையில் நின்று டியூட்டி பார்த்தார், செய்தியில் வந்தது. அதைப் படித்துவிட்டு, பாவம், இந்தியாவுக்கு ஆடிய பெண் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டை இல்லாமல் இருந்திருந்தால் அவர் இருபத்தைந்து வயதிலேயே விளையாட்டை விட்டிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அவரோடு அதே வயதில் அதே திறமையோடு ஆடிய பெண்கள் பலருக்கு நடந்தது அதுதான். இருபத்திரண்டு வயதில் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். அப்போது மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு, கேம்ப்புக்குப் போனாலும் பணியில் இருப்பதாகவே கணக்கு வைக்கும் ஓ.டி. கிடைக்கும் பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்ல ஒரு பலம் இருக்கிறது. வெறும் கோப்பைகள் மட்டும் அலமாரியில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பலம் இல்லை. இது கசப்பான உண்மை, இதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனசு வரவில்லை.

கிளப் கால்பந்தில் சம்பளம் கிடையாதா என்று கேட்பீர்கள். கிடைக்கிறது, முன்னைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனால் வாழ்க்கை முழுக்க நம்பும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்தியப் பெண்கள் லீக்கின் முதல் பதிப்பு 2017-ல் டெல்லியில் நடந்தபோது இறுதிச் சுற்றில் ஆறு அணிகள், மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வார வேலைக்கு யார் என்ன சம்பளம் கொடுப்பார்கள்? 2023-24 சீசனில்தான் சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024-25-ல் எட்டு அணிகள், ஆளுக்குப் பதினான்கு ஆட்டம், ஈஸ்ட் பெங்கால் பட்டம் வாங்கியது. மேல் டிவிஷனில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று கால்பந்து சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு கிளப், பத்துப் பத்துப் பேர், நாடு முழுக்க எண்பது பெண்கள். மாதத்துக்கு இருபத்தாறாயிரம் சொச்சம். இந்திய அணி நட்சத்திரங்களுக்கு இதைவிட அதிகம் கிடைக்கும், ஆனால் உங்கள் மகளின் திட்டத்தை நட்சத்திரத்தை வைத்துப் போடாதீர்கள், எண்பதாவது ஆளை வைத்துப் போடுங்கள்.

வெளிநாடு போனவர்களும் உண்டு. பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போனார். மனீஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸ் நாட்டு அப்போலோன் அணிக்குப் போய் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். உங்கள் மகளுக்கு இவர்களைக் காட்டுங்கள், ஆசை வரட்டும். ஆனால் ‘வெளிநாட்டு டிரையல்ஸ், இவ்வளவு கட்டினால் போதும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பி ஒரு ரூபாய் கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்துக் கட்டியது, டிரையல்ஸும் நடக்கவில்லை, பணமும் வரவில்லை. நல்ல அணி உங்களிடம் பணம் கேட்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யாமலேயே வாய்ப்பு கை நழுவும் நேரங்கள் வரும். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது, இந்துமதியும் அணியில். ஈரானோடு 0-0. அடுத்தது சீன தைபேயோடு, ஆனால் முகாமில் கொரோனா பரவி பதின்மூன்று பேர் கூடத் தேறவில்லை, ஆட்டம் நடக்கவில்லை, இந்தியா போட்டியிலிருந்தே வெளியேறியது. சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை என்பது ஒரு வீராங்கனையின் வாழ்நாளில் ஒரு தடவை வந்தாலே பெரிது. அதே வருஷம் ஆகஸ்டில் ஃபிஃபா நம் சம்மேளனத்தைத் தடை செய்தது, ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய் இறங்கிவிட்ட கோகுலம் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். அதற்கு முன்னால் 2020-ல் இந்தியாவில் நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ரத்தானது. 2022-ல் இந்தியாவுக்கே மறுபடி கொடுத்தார்கள், அதற்குள் முதல் அணியில் இருந்த பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டது. நிர்வாகிகள் செய்த தப்புக்கும் நோய்க்கும் பலியானது விளையாடியவர்கள். இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை, ஒரே ஒரு கதவை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அதற்குப் பின்னால் நல்லதும் நடந்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரான சியாங் மாயில் 2-1 என்று ஜெயித்து இந்தியா 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அவரும் மிட்ஃபீல்டர்தான், உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மகளுக்குப் பதினான்கு வயது. எங்கள் கிரவுண்டில் பெண்கள் காணாமல் போவது பதினைந்திலிருந்து பத்தொன்பது வரைக்கும். பத்தாவது ஒரு சாக்கு, பன்னிரண்டாவது இன்னொரு சாக்கு, அப்புறம் கல்லூரி தூரம், அப்புறம் வெயிலில் கறுத்துப் போகிறாள், அரைக்கால் சட்டை போடுகிறாள், முடி வெட்டிக்கொண்டாள், இருட்டிய பிறகு பஸ் ஏறி வருகிறாள். ஒவ்வொன்றும் சின்னக் காரணம், எல்லாம் சேர்ந்தால் ஒரு பெண் பந்தைத் தொடாமல் ஒரு வருஷம் போய்விடும். ஒரு வருஷ இடைவெளியை ஆண் பிள்ளை தெருவில் ஆடி ஈடுகட்டிவிடுவான், நம் பெண்ணுக்குத் தெருவும் கிடையாது. அதனால் பத்தாவது வருஷத்தில் நேரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் போதும், டோர்னமென்ட் வேண்டாம், பந்து மட்டும் காலில் இருக்கட்டும். பொதுத் தேர்வுக்கு முந்தின ஒரு மாதம் வேண்டுமானால் முழுசாக விடலாம். மாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வரும் பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்கி காலையில் எழுந்து படிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இருட்டிய பிறகு வருவது பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அதற்குத் தீர்வு வீட்டில் உட்கார வைப்பது கிடையாது. அதே பக்கம் போகும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பெற்றோர் பேசி வைத்துக்கொண்டு முறை வைத்துக் கூட்டி வாருங்கள், எங்கள் பிள்ளைகள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. கேம்ப்புக்கோ வெளியூர் ஆட்டத்துக்கோ அனுப்பும்போது கூடப் பெண் பயிற்சியாளரோ பெண் மேலாளரோ வருகிறாரா, எங்கே தங்க வைக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

சர்ட்டிபிகேட் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, நான் சொல்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நாட்டுக்காக ஆடியதற்கு ஃபார்ம் 1, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு ஃபார்ம் 4. தெருமுனையில் ஆளுக்கு ஏழு பேர் வைத்து நடக்கும் செவன்ஸ் டோர்னமென்டில் வாங்கிய பெரிய கோப்பை வீட்டுக்கு அழகு, வேலைக்கு உதவாது. உங்கள் மகள் வருஷத்துக்கு எட்டு டோர்னமென்ட் ஓடுவதைவிட பள்ளி விளையாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, கூடவே மாவட்டக் கால்பந்துக் கழகத்தின் சப் ஜூனியர், ஜூனியர் செலக்ஷன் ஒன்றைக்கூட விடாமல் போவதுதான் முக்கியம். இந்தச் செலக்ஷன் தேதிகள் இரண்டு நாளைக்கு முன்னாடிதான் வெளியே தெரியும், அதனால் மாவட்டத்தில் இருக்கும் கோச்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னாடி காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஒன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், இன்னொன்றில் வெறும் எழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி விரித்திருப்பார்கள். வீராங்கனைகளைச் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏற்றும்போதும் இந்திய கேம்ப்புக்குக் கூப்பிடும்போதும் இதைத் திருத்த நேரம் இருக்காது. பாஸ்போர்ட்டையும் பதினைந்து வயதுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், கேம்ப் கடிதம் வந்த பிறகு ஓடினால் பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை.

அரசு பக்கம் என்ன இருக்கிறது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 வகுப்புகளில்தான் சேர்க்கை. உங்கள் மகள் இப்போது ஒன்பதாவது என்பதால் அடுத்த வாய்ப்பு பதினொன்றாவதில், கோடை விடுமுறை சமயத்தில் டிரையல்ஸ் நடக்கும், இரண்டு வருஷம் தயார் ஆக நேரம் இருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டாவது முடிந்த பிறகு எல்லாப் பெரிய கலைக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, நல்ல அணி உள்ள கல்லூரிகள் ஃபீஸும் குறைப்பார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் தனியாக இருக்கிறது. அப்புறம் வேலை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், காவல்துறை சப் இன்ஸ்பெக்டர் தேர்வில் 10 சதவீதம். சப் இன்ஸ்பெக்டருக்கு ஏதாவது ஒரு டிகிரி கட்டாயம், பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. கால்பந்துக்கு உயரம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, இந்த வேலைக்குப் பரவாயில்லை என்று விட முடியாது, இதை முன்னாடியே தெரிந்துகொண்டால் ரயில்வே, எல்லைக் காவல் படையான எஸ்.எஸ்.பி. மாதிரி பெண்கள் அணி வைத்திருக்கும் மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். இடங்கள் கொஞ்சம்தான், போட்டி அதிகம்தான், ஆனாலும் ஒரு கடலூர்ப் பெண் இந்த வழியாகப் போய் இந்தியாவுக்கு ஆடியது கண்முன்னால் இருக்கிறது.

உடம்பு. இதில் அம்மாக்களிடம்தான் நான் அதிகம் பேசுவேன், ஆனால் அப்பாவும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. விளையாடும் பெண்ணுக்கு இது நேரடியாகக் காலில் தெரியும். முதல் பாதி நன்றாக ஆடுவாள், இரண்டாம் பாதியில் பந்துக்கு ஒரு நொடி தாமதமாக வருவாள், கோச் சோம்பேறி என்று திட்டுவார். திட்டுவதற்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்கள், 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள், டீ குடித்த கையோடு கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் விலை கூடியதெல்லாம் தேவையில்லை, நம் ஊரில் மத்தி, நெத்திலி, வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை இருந்தாலே போதும். புரோட்டீன் பவுடர் டப்பாவில் காசைப் போடாதீர்கள். மாதவிடாய் நாட்களில் வலி இல்லையென்றால் தாராளமாக ஆடலாம், வலி இருந்தால் சொல்லிவிட்டு உட்காரலாம், இதைக் கோச்சிடம் கூசாமல் சொல்லும் தைரியத்தை வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்புங்கள்.

முழங்கால் இன்னொரு பெரிய விஷயம். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது கால்பந்து ஆடும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும் விதம், தொடையின் பின்பக்கத் தசை பலம் குறைவாக இருப்பது என்று காரணங்கள் பல. கிழிந்தால் ஆபரேஷன், குறைந்தது ஒன்பது மாதம் வெளியே, பணம் தனி. நம் பள்ளி கிரவுண்டுகள் கட்டாந்தரை வேறு. ஆனால் தடுக்க முடியும். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம் அப் இருக்கிறது, இருபது நிமிஷம், பதினைந்து பயிற்சி, ஒரு கருவியும் வேண்டாம், யூடியூபில் இலவசம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கின்றன. உங்கள் மகளின் கோச் இரண்டு ரவுண்டு ஓடவிட்டு நேராக மேட்ச் ஆட விடுபவராக இருந்தால் அவள் இருபது நிமிஷம் முன்னாடியே போய்ச் சொந்தமாகச் செய்யட்டும். பூட்ஸ் வாங்கும்போது கட்டாந்தரைக்கு நீள ஸ்டட்ஸ் வேண்டாம், சின்னச் சின்னக் குமிழ் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ வாங்குங்கள். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம், ஷூவில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், கால் உள்ளே வழுக்கினால் கணுக்கால் போய்விடும். ஷின் கார்டு இல்லாமல் பிராக்டிஸ்கூட வேண்டாம்.

மிட்ஃபீல்டர் என்றீர்கள், அதனால் ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். இந்துமதியின் வீடியோ கிடைத்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பந்து வருவதற்கு முன்னாடியே அவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதைக் கவனியுங்கள். பந்து காலுக்கு வரும்போது அடுத்த பாஸ் எங்கே என்று முடிவாகியிருக்கும். நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பந்தை வாங்கிய பிறகுதான் தலையைத் தூக்குவார்கள், அதற்குள் எதிரணிக்காரி வந்துவிடுவாள். வேகம் பதினெட்டு வயதுக்கு மேலும் கூடும், இந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் பதினான்கில் வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம். மாநில செலக்ஷனில் எத்தனை பேரை டிரிப்ளிங் செய்து தாண்டினாள் என்பதைவிட இதைத்தான் பார்ப்போம். ஃபர்ஸ்ட் டச், இரண்டு காலாலும் பாஸ், தலை மேலே இருப்பது. வீட்டுச் சுவரில் தினமும் இருபது நிமிஷம் இடது காலால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக மைத்துனர் சொன்ன புதுச்சேரி. அவர் சொல்வதில் பாதி சரி. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் கால்பந்தில் அது தனி மாநிலம், தேசியப் போட்டிகளுக்குத் தனி அணி அனுப்புகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் அணியில் இடம் பிடிக்கத் தமிழ்நாட்டு அளவுக்குப் போட்டி இருக்காது. உப்பளம் மைதானமும் லாஸ்பேட்டை பக்கமும் பயிற்சிக்கு நல்ல வசதிதான். ஆனால் அணியில் சீக்கிரம் இடம் கிடைப்பதும் நல்ல ஆட்டக்காரியாக வளர்வதும் வேறு வேறு. தமிழ்நாட்டு செலக்ஷனில் சென்னை, மதுரை, சேலம், தூத்துக்குடி என்று எல்லா ஊர் நல்ல பிள்ளைகளோடும் மோதி மூன்று தடவை வெளியே உட்கார்ந்து நான்காவது தடவை உள்ளே வரும் பெண்ணுக்கு அந்த மூன்று தடவையும் பாடம். அதோடு தமிழ்நாட்டு விடுதி, தமிழ்நாட்டு ஒதுக்கீடு இதையெல்லாம் வைத்துத்தான் மேலே இவ்வளவும் எழுதினேன், பள்ளியையும் முகவரியையும் மாற்றினால் அந்தக் கணக்கு முழுக்க மாறும். இரண்டு பக்கமும் காகிதம் வைத்து ஆட நினைக்கவே வேண்டாம், பிடிபட்டால் தடை பிள்ளைக்குத்தான். உங்களுக்கு வேலை மாறி குடும்பத்தோடு அங்கே போனால் அது வேறு விஷயம். கால்பந்துக்காக மட்டும் என்றால் கடலூரிலேயே இருக்கட்டும், லீவு நாளில் காலையில் பஸ் ஏறிப் போய் புதுச்சேரிப் பிள்ளைகளோடு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு வரட்டும், அதற்கு யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள்.

அவள் உயரம், எந்தக் கால் பலம், மாவட்ட ஆட்டத்தில் நடுவில் ஆடினாளா ஓரத்தில் ஆடினாளா, கோச்சிங் எங்கே போகிறாள், இவ்வளவையும் எழுதுங்கள். இந்த வருஷம் சப் ஜூனியர் செலக்ஷனுக்குப் போகலாமா, இல்லை அடுத்த வருஷம் ஜூனியருக்குக் காத்திருக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.